பலகை சொன்னால் கால் கேட்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியிருப்புத் தெருக்களில் வேகத்தடைகளைக் கூட்ட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் நான் வேறொன்றைக் கேட்பேன்: தெருவின் வடிவத்தையே மாற்றுங்கள்.

பழகுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தால் என் பார்வை பாதி நேரம் அவருடைய வலது காலில்தான் இருக்கும். அகலமான நேர் தெருவில் '30' என்று பலகை நின்றாலும் அந்தக் கால் தானாக அழுத்துகிறது. தெரு ஒடுங்கினாலோ சற்று வளைந்தாலோ, நான் வாய் திறக்காமலே மேலே எழுகிறது. தேர்ந்த ஓட்டுநரும் இப்படித்தான். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்.

ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு வினாடி பிடிக்கும். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் கார் சுமார் 14 மீட்டர் ஓடிவிடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் வந்த காரோ, காய்ந்த சாலையாக இருந்தால், அதே 14 மீட்டருக்குள் நின்றே விடும்.

தெருமுனைகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். பெரிய சாலையிலிருந்து சின்னத் தெருவுக்குள் திரும்பும் முனையை அகன்ற வளைவாகச் சீவி வைத்தால், வேகம் குறையாமலே திரும்பிவிடலாம். அப்போது ஓட்டுநரின் கண் எதிரே வரும் வண்டிகள் மேல்தான் இருக்கும். குறுக்கே நடப்பவர் முன்கண்ணாடியின் ஓரத்தூணுக்குப் பின்னால் மறைந்துபோவார். பக்கத்தில் நேராகப் போகும் சைக்கிள்காரர் நினைவிலேயே இருக்க மாட்டார். நடைபாதையின் விளிம்பை வெளியே இழுத்து முனையை இறுக்கினால், நடை வேகத்துக்கு இறங்கித்தான் திரும்ப முடியும். நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறையும். தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும் என்று உடனே கேட்பார்கள். முனையில் சக்கரம் ஏறக்கூடிய தாழ்ந்த கல்லைப் பதித்தால் அது ஏறிப் போய்விடும்.

வேகத்தடைக்கு நான் எதிரியல்ல. ஆனால் ஒன்றைத் தாண்டியதும் விட்ட வேகத்தைப் பிடிக்க முடுக்குகிறவர்களே அதிகம். அதற்குப் பதில் கடக்கும் இடத்தையே நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கலாம், சைக்கிளைத் தூக்கிப் போடாத மென்சரிவோடு. கார் ஏறி இறங்கட்டும். சக்கர நாற்காலி சமதளத்திலேயே போகட்டும்.

இது புது யோசனையும் அல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியிலேயே தெருக்களை வளைத்து மரம் நட்டுப் பார்த்தார்கள். 1976இல் அத்தகைய தெருக்களை அந்நாட்டுச் சட்டமே ஏற்றது. அங்கே நடப்பவருக்குத் தெருவின் முழு அகலமும் சொந்தம்.

செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க வேண்டாம். முதலில் பெயின்ட்டால் முனையை வரைந்து, இடித்தால் வளைகிற பிளாஸ்டிக் கம்பங்களைச் சில வாரம் நட்டுப் பாருங்கள். சக்கரங்கள் எங்கே ஏறுகின்றன, எங்கே ஒதுங்குகின்றன என்பது தெரிந்த பிறகு கல் பதித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர்