குமன்ஜாய்னு கூப்பிடச் சொல்லிக்குடுத்த அக்காவுக்கு

ஆஸ்திரேலியா நடுவுல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருந்து வடமேற்கே மணிக்கணக்கா வண்டியில போனா வர்ற, வால்பிரிங்கற பழங்குடி மக்களோட ஒரு கம்யூனிட்டி, அங்க கிளினிக்ல ரெண்டு வருஷம் நர்ஸா இருந்துட்டு வெள்ளிக்கிழமை கிளம்புறேன். தமிழ்ல எழுதுறேன், ஏன்னா அடுத்து இங்க வேலைக்கு வர்ற நம்மாளுங்க இத படிக்கணும். அக்கா, உங்களுக்கு நானே நேர்ல வாசிச்சு சொல்றேன்.

எங்க கிளினிக் அபாரிஜினல் ஹெல்த் பிராக்டிஷனர், அதாவது தங்க மக்களுக்கு வைத்தியம் பாக்க பயிற்சி எடுத்த பழங்குடி ஊழியர், அந்த அக்காவுக்குத்தான் முதல் நன்றி. வந்த மூணாவது வாரம் வெயிட்டிங் ரூம்ல ஒருத்தங்க பேர சத்தமா கூப்பிட்டேன், அத்தன பேரும் தலைய குனிஞ்சிட்டாங்க, ஒரு பாட்டி எந்திரிச்சு வெளியவே போயிட்டாங்க. அதே பேருள்ள ஒருத்தர் அந்த வாரம்தான் இறந்திருந்தார். இங்க இறந்தவங்க பேர உச்சரிக்கக் கூடாது, அந்தப் பேர்ல உயிரோட இருக்கறவங்களையும் கொஞ்ச காலம் குமன்ஜாய்னுதான் கூப்பிடணும். எல்லார் முன்னாடியும் அக்கா ஒரு வார்த்த சொல்லல, பின்னாடி தண்ணி டேங்க் பக்கம் கூட்டிட்டுப் போய் மெதுவா சொன்னாங்க, சாயங்காலம் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் எனக்காக பேசிட்டும் வந்தாங்க. அவங்க போகலன்னா அந்தக் குடும்பம் அப்புறம் கிளினிக் பக்கமே வந்திருக்காது.

ருமாட்டிக் ஹார்ட் நோய் இருக்கற ஒரு ஒம்பது வயசுப் பையன். 28 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கா போடணும், கெட்டியான மருந்து, பயங்கரமா வலிக்கும், விட்டா இதய வால்வு கெட்டுப்போகும். நான் போனா ஓடிருவான். அக்கா போய் அவன் பாட்டிகூட மண்ணுல உக்காந்து டீ குடிப்பாங்க, ஊசியப் பத்தி பேச்சே எடுக்க மாட்டாங்க, ஆனா சிரிஞ்ச் அவங்க உள்ளங்கைக்குள்ளயே இருக்கும், குளிர் போகறதுக்கு. அரை மணி நேரத்துல அவனே வந்து பக்கத்துல உக்காருவான்.

அக்கா பாக்கற அதே வேலைக்கு ட்ரெய்னியா வந்த தம்பிக்கும் நன்றி. இங்க மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேச மாட்டாங்க, ஆம்பளைங்க விஷயத்த பொம்பளைங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, அதனால ஒரு கிளினிக்குக்கு ஒரே ஒரு ஹெல்த் பிராக்டிஷனர் போதும்னு கணக்கு போடறது தப்பு, ஆணும் பெண்ணுமா, வேற வேற குடும்பத்துல இருந்து ஆள் வேணும். 2012 ஜூலையில இருந்து இந்த வேலை நர்ஸ், டாக்டர் மாதிரி நாடு பூரா பதிவு செய்யற தொழில், தம்பியோட பதிவு லெட்டர் வந்தன்னைக்கு அவங்க அம்மா அத நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துது. வெளியூர்ல இருந்து வந்த எனக்கு ஏசி வச்ச குவார்ட்டர்ஸ், உள்ளூர்ங்கற ஒரே காரணத்துக்காக அக்காவுக்கு கிடையாது, ஒரே வீட்டுல பத்து பேரோட படுத்து எந்திரிச்சு காலைல எட்டு மணிக்கு எனக்கு முன்னாடி வந்து நிப்பாங்க. உள்ளூர் ஆளுங்க இந்த வேலையில நிலைக்கணும்னா முதல்ல வீடு குடுங்க, எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதியிருக்கேன், இன்னும் எழுதுவேன்.

1971ல சிட்னி ரெட்ஃபெர்ன்ல எங்க மருத்துவத்த நாங்களே பாத்துக்கறோம்னு கிளினிக் ஆரம்பிச்ச அபாரிஜினல் பெரியவங்களுக்கும் நன்றி.

அக்கா, என்ன தங்கச்சினு சொல்லி நப்பல்ஜாரினு உங்க உறவுமுறைப் பேரும் குடுத்தீங்க, மறக்க மாட்டேன். பையனுக்கு அடுத்த ஊசி 14ஆம் தேதி. இந்த தடவ தம்பி போடட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிங்க.