அது மஞ்சள் நீராட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லத்தீன் அமெரிக்கப் பெண்களின் 15-ஆவது பிறந்தநாள் விழாவான ‘கின்செயாஞேரா’ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதை ‘மெக்சிகோக்காரர்களின் மஞ்சள் நீராட்டு’ என்றும், கடன் வாங்கிச் செய்யும் வீண் ஆடம்பரம் என்றும் எழுதியிருந்தீர்கள். டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பதினோரு வருடங்களாக மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களுக்கு நடுவே வசிக்கிறேன். படித்ததும் மனசு கேட்கவில்லை.

மஞ்சள் நீராட்டு, பெண் வயதுக்கு வந்ததை ஊருக்குச் சொல்வது. கின்செயாஞேராவுக்குப் பிறந்தநாள்தான் கணக்கு. 15 வயது நிறைந்தால் விழா. அவள் உடம்பில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் தெருமுனை வரை மைக் செட் கட்டிச் சடங்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று என்னால் விட முடியாது.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விழா நடந்தது. காலையில் தேவாலயத்தில் நன்றித் திருப்பலி. மாலை மண்டபத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அப்பா எதிரே மண்டியிட்டார். தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு, முதன்முதலாக ஹீல்ஸ் மாட்டிவிட வேண்டும். அவர் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். காய்த்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்ன பக்கிள் அகப்படாமல் இரண்டு மூன்று தடவை நழுவியது. மகள் குனிந்து உதவப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டி, தானே மாட்டிவிட்டுத்தான் எழுந்தார். பிறகு இருவரும் வால்ட்ஸ் ஆடினார்கள். தன் கவுன் துணியிலேயே உடை தைத்த பொம்மையை, ‘கடைசிப் பொம்மை’ என்பார்கள், அவள் தங்கையிடம் கொடுத்தாள்.

அந்த ஹீல்ஸ் வாங்கிக் கொடுத்தது நான். செலவை ஒரு வீடே சுமப்பதில்லை. கேக்குக்கு ஒருவர், கிரீடத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று சொந்தமும் சிநேகமும் பொறுப்பேற்கும். ஆணென்றால் பத்ரினோ, பெண்ணென்றால் மத்ரினா, அதாவது ஞானத்தாய் மாதிரி. என்னையும் மத்ரினா என்றே சபையில் அழைத்தார்கள். கடன்படுகிற குடும்பங்களும் உண்டு, லிமோசின் கார் பிடித்தே ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் விழாவே அதுதான் என்று எழுதுவது தவறு.

2017 ஜூலையில், குடியேறிகளுக்கு எதிரான ‘எஸ்.பி. 4’ சட்டத்தைக் கண்டித்து, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் சட்டமன்றத்தின் முன் 15 இளம்பெண்கள் திரண்டார்கள். அவர்கள் உடுத்தி வந்தது இதே கின்செயாஞேரா கவுனைத்தான். ஆடம்பரம் என்ற ஒரே சொல்லில் அந்தக் கவுனை அடக்கிவிட முடியுமா?

‘மஞ்சள் நீராட்டு’ என்ற சொல்லுக்கு மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி,
சான் அன்டோனியோ, டெக்சஸ்