எத்தனை மைலில், என்ன கருவியோடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கடல் எல்லை பற்றி நடக்கிற வாக்குவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். கடலுக்கு வேலி போட முடியுமா, மீனுக்கு நாடு உண்டா என்று ஒரு பக்கம். எல்லை தாண்டுகிற படகை அங்கேயே பறிமுதல் செய்தால் பிரச்சினை முடிந்தது என்று இன்னொரு பக்கம். இரண்டையும் ஒத்துக்கொள்ள முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். நான் குளச்சலில் வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அப்பா கடியபட்டினத்தில் கைத்தூண்டில்காரர். அப்புறம், இருபது வருஷமாகப் பழைய தூண்டில் ரீல்களைச் சேர்த்து வருகிறேன், இன்றைக்கு 43 இருக்கிறது. கடல் எல்லை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ரீல்களின் பின்னால் போய்த் தெரிந்துகொண்டதுதான்.

முதல் ரீல் சித்தப்பா கொண்டுவந்தது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், ஒரு லீவில் வரும்போது தன் அண்ணனான என் அப்பாவுக்கென்று பென் செனட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் செய்தது, 1936இலிருந்து அந்த வகை வருகிறது. அப்பா அதை ஒரே ஒரு நாள்தான் கடலுக்குக் கொண்டுபோனார். கட்டுமரம் அலையில் ஏறி இறங்கும்போது கம்பையும் ரீலையும் பிடித்துக்கொண்டு உட்கார இடம் ஏது? திரும்பக் கொண்டுவந்து பழைய கைலி ஒன்றில் சுற்றிப் பரணில் வைத்தவர் அதற்கப்புறம் தொடவே இல்லை. அவர் போன பிறகு பரணை ஒதுக்கும்போதுதான் என் கைக்கு வந்தது. கைப்பிடி அசையவில்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பழைய பிரஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்து, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்த வாஷர்களை வரிசை மாறாமல் ஒரு பேப்பரில் அடுக்கினேன். பல்சக்கரத்தின் இடுக்கில் அந்த ஒரு நாள் கடலின் உப்பு வெள்ளையாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

கைப்பிடிக்குக் கீழே நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் டிராக் இறுகும். பெரிய மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துபோகாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், ஆனால் பிடியை விடாது. இது வருவதற்கு முந்திய ரீல்களில் மீன் ஓடினால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று விரல் முட்டியை உடைத்துவிடும். அப்பாவுக்கு டிராக் அவருடைய ஆள்காட்டி விரல்தான். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி விரலில் மாட்டிக்கொள்வார், அதையும் மீறித் தங்கூசி நரம்பு இழுத்து இழுத்து முதல் மடிப்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, சோறு பிசையும்போது அந்தப் பள்ளத்தில் மட்டும் பருக்கை நிற்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வால்நட் மரத்தில் பித்தளை பதித்த நாட்டிங்காம் ரீல் ஒன்று மார்த்தாண்டத்தில் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) கிடந்தது, மலை எஸ்டேட் பங்களா ஒன்றை இடித்தபோது வந்த சாமானோடு வந்ததாம், பித்தளை எடைக்குத்தான் கொடுத்தார்கள். பிரான்சில் கடிகாரம் செய்கிற குளூஸ் என்ற ஊரில் செய்த மிட்செல் 300 இருக்கிறது. சுவீடனின் ஆபு கம்பெனியின் சிவப்பு அம்பாசடர் 5000 இருக்கிறது. அந்தக் கம்பெனியும் 1921இல் கைக்கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்ஸி மீட்டர் செய்து, அதற்குப் பிறகு ரீலுக்கு வந்ததுதான். நரம்பு சுற்றுகிற ஸ்பூல் சுழலாத ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த் பிராட்போர்டில் துணி மில் நடத்தியவர், தறியில் நூல் கழன்று வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இதையெல்லாம் நாள் முழுக்கப் பேசுவேன், இடம் போதாது.

ரீலை வைத்துக்கொண்டு அது வந்த நாட்டின் கடல் கதையைத் தேடினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கடல் எல்லோருக்கும் பொது என்று யார் சொல்கிறார்கள் என்பது அந்தச் சமயத்தில் யாரிடம் பெரிய கப்பல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐஸ்லாந்து தன் கரையிலிருந்து 1958இல் 12 மைல், 1972இல் 50, 1975இல் 200 என்று மீன்பிடி எல்லையைத் தள்ளிக்கொண்டே போனபோது பிரிட்டன் ஒப்புக்கொள்ளவில்லை, தன் இழுவலைக் கப்பல்களான டிராலர்களுக்குக் காவலாகப் போர்க்கப்பல் அனுப்பியது. ஐஸ்லாந்துக்காரர்கள் ஒரு வெட்டுக்கருவியை இழுத்துக்கொண்டு போய் பிரிட்டிஷ் டிராலர்களின் மடி என்கிற இழுவலையின் கம்பியை அறுத்துவிட்டார்கள். 1976இல் பிரிட்டன் இறங்கி வந்தது. வந்த கையோடு 1977 ஜனவரி 1 முதல் தனக்கும் 200 மைல் என்று அறிவித்தது. அதே மாதம் 15ஆம் தேதி இந்தியாவின் 200 மைல் நடைமுறைக்கு வந்தது, மார்ச் 1இல் அமெரிக்காவுடையது. அதே பிரிட்டன் 2010இல், இந்தியப் பெருங்கடலில் தன் ஆளுகையில் இருந்த சாகோஸ் தீவுகளைச் சுற்றி சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலில் வணிக மீன்பிடியே கூடாது என்று மூடிவிட்டது. அந்தத் தீவுகளில் ஒன்றான டீகோ கார்சியா பக்கம் பிடிபட்டு அபராதம் கட்டிப் படகையும் இழந்துவிட்டு வருகிற எங்கள் மாவட்டத்துத் தூத்தூர் மண்டலத்து ஆட்களுக்கு அந்தக் கடல்தான் சுறாவுக்குப் போகிற கடல். அந்த அறிவிப்பு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைக்கு விரோதமானது என்று மொரீஷியஸ் தொடுத்த வழக்கில் 2015இல் சர்வதேச நடுவர் மன்றமே சொன்னது.

இதைச் சொல்வதால் எல்லையே வேண்டாம் என்கிறவர்கள் பக்கம் நான் சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டு நம் கையில் இருப்பது அந்த 200 மைலால்தான். 1920களிலேயே இலங்கையிலிருந்து டிராலர்கள் வந்து மடி இழுத்த இடம் அது. 1976 மார்ச்சில் இரண்டு நாடுகளும் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்தபோது, வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இலங்கையின் படகுகள் ஆறுக்கு மட்டும் மூன்று வருஷம் அனுமதி, வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதற்கப்புறம் வரக் கூடாது. அந்தக் கரையில் அதை நம்பியிருந்தவர்களுக்கு அது இழப்புதான், அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் களவாயும் விளைமீனும் பாரை மீனும் கிடைக்கிற அந்தப் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், தூண்டில்காரனுக்குச் சோறு போடுகிற இடம். மருந்துவாழ்மலையையும் கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்துப் பாருக்கு வழி பார்த்த தலைமுறை எங்கள் அப்பாக்களுடையது. பாருக்கு மேலே மடி இழுத்துவிட்டால் பிறகு அங்கே தூண்டில் போட ஒன்றும் இருக்காது.

எல்லை போட்டதோடு காவல் முடிந்துவிடவில்லை. 1991இல் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை என்று நம் அரசே வெளிநாட்டுக் கப்பல்களைக் கூட்டுத்தொழில் என்ற பெயரில் உள்ளே விட்டது. மீனவர் தலைவர் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் உண்ணாவிரதம் இருந்து, 1994இல் நாடு முழுக்க மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்து, 1996இல் அரசு அமைத்த முராரி குழுவே அந்த அனுமதிகளை ரத்து செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே கடலில் எண்ணெய், எரிவாயு தேட வட்டாரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் 12 கடல் மைலுக்கு வெளியே மீன்பிடி ஒன்றியப் பட்டியலில். வாட்ஜ் பேங்க் பற்றி முடிவெடுக்கிற மேஜையில் குமரி மாவட்டத்துத் தூண்டில்காரனுக்கு நாற்காலி இல்லை.

மீனவன் எல்லையை மதிக்க மாட்டான் என்று எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே மாவட்டத்துக்குள் சின்னமுட்டத்து விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், குளச்சல் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, மறுபக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஒரு மாவட்டத்தின் நடுவில் போட்ட கோட்டை வருஷா வருஷம் மதித்து நடக்கிறோமா இல்லையா?

என் பெரியம்மா மகன் தூத்தூர்ப் பக்கம் ஒரு போட்டில் போகிறவன். ஒரே நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில், மடி கிடையாது, ஒரு மாசத்துக்கு மேல் கடலில் கிடப்பார்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு தீவு நாட்டின் ரோந்துக் கப்பல் அவர்களைப் பிடித்தது. எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான், மறுபடி அந்தப் பக்கம் வேலைக்குப் போக வேண்டியவன். எஞ்சின் நின்றுபோய் இரண்டு ராத்திரி நீவாட்டில் (நீரோட்டத்தில்) இழுபட்டோம் என்கிறான். பிடித்தது அந்தத் தீவின் கரையிலிருந்து நூறு மைலுக்கு மேல். அப்படியிருந்தும் நான்கு மாசம் சிறை. பெரியம்மா இங்கே ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார், யாரும் ஒரு தாளில் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

நான் ரீல்களுக்காகப் படிக்கத் தொடங்கியவன், அப்போதுதான் கடல் சட்ட உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதன் 73ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில், அதாவது 12 மைலுக்கு வெளியே 200 மைல் வரை உள்ள கடலில், மீன்பிடிச் சட்டத்தை மீறினால், இரு நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை சிறைத் தண்டனை கூடாது, ஜாமீன் தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும். நம்முடைய 1981ஆம் வருஷத்துச் சட்டமும் அப்படித்தான். வெளிநாட்டுப் படகு நம் 12 மைலுக்குள் மீன்பிடித்தால் சிறை உண்டு, அதற்கு வெளியே 200 மைல் வரை பிடித்தால் அபராதம் மட்டும். நாம் அவர்களுக்குக் கொடுக்கிற நியாயத்தை அவர்களிடம் நம் ஆட்களுக்குக் கேட்டு வாங்க வேண்டாமா? பாக் நீரிணைக் கதை வேறு, அங்கே இரு கரைக்கும் நடுவே கடலே குறுகல், 200 மைல் கணக்கு அங்கே ஓடாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் அரபிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் பிடிபடுகிற குமரிக்காரனின் வழக்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது.

தூண்டிலோடு போனவனையும் மடியோடு போனவனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆயிரங்கால் தூண்டிலிலும் வேண்டாத மீன் மாட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அது அடித்தரையை உழுது போடாது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளில் 12 மைலுக்கு அப்பால் போகிற இயந்திரப் படகுகள் இணையத்தில் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்கிறார்கள். சரி, வாங்கலாம். அந்தச் சீட்டில் படகு எந்தக் கருவியோடு போகிறது என்பது வெளிநாட்டு ரோந்துக் கப்பலுக்கும் புரிகிற மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும், பிடிபட்டால் தூதரகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு 73ஆவது பிரிவைக் கேட்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. எல்லை தாண்டிய மீனவர்கள் கைது என்று தலைப்பு போடும்போது தயவுசெய்து இரண்டு விவரத்தைச் சேர்த்துப் போடுங்கள். எந்த நாட்டின் கரையிலிருந்து எத்தனை கடல் மைலில் பிடித்தார்கள்? படகில் இருந்தது மடியா, தூண்டிலா? உங்கள் நிருபர் குளச்சல் துறைமுகத்துக்கு வந்து கேட்டால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கைத்தூண்டில்காரர் மகன்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.