ஆலை நிர்வாகங்களுக்கும் கேண்டீன் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத் தொழிற்சாலைகளின் நிர்வாகத்தினருக்கும் கேண்டீன் மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் ஆலைகளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்கள் நடக்கின்றன. அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டமும் பரிசோதனையைப் பணியிடத்துக்கே கொண்டுவந்திருக்கிறது. ஜூன் 21 வந்தால் யோகாவும் உண்டு, புகைப்படமும் உண்டு. முகாம்களை மனமார வரவேற்கிறேன். ஆனால், சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுமாறு காலையில் அறிவுரை பெற்ற தொழிலாளி, அன்று நண்பகலே தட்டு நிறையச் சோறும் ஒரு கரண்டிப் பொரியலும் கிடைக்கும் வரிசையில்தான் போய் நிற்கிறார். அவர் உண்பதை நிர்ணயிப்பது நீங்கள் கோரும் ஒப்பந்தப்புள்ளி.

சாப்பாடு ஒன்றுக்கு மிகக் குறைந்த விலை குறித்தவருக்கே ஒப்பந்தம் என்றால், அவர் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் காய்கறி, பருப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும்தான். சோறு மட்டும் கேட்கக் கேட்க வரும், ஏனெனில் அதுவே மலிவு. ஆகவே ஒருவருக்கு எத்தனை கிராம் காய்கறி, எத்தனை கிராம் பருப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் கேண்டீன் அடுப்படியில் அளந்து பார்க்கச் செய்யுங்கள். தேநீரில் சர்க்கரையை முன்கூட்டியே கலக்காமல் தனியே வைப்பதற்குச் செலவே இல்லை. மாலை வடைக்குப் பதில் வாரத்தில் சில நாள்களாவது சுண்டல் தரலாம். மாதம் ஒருமுறை 'சிறுதானிய நாள்' கொண்டாடிவிட்டு மற்ற நாள்களில் பழைய பட்டியலுக்கே திரும்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவுப் பணியாளர்களுக்கு நள்ளிரவில் எண்ணெய் மிதக்கும் பரோட்டா குருமாவைத் தவிர வேறொன்றும் கிடைக்காத நிலையும் மாற வேண்டும்.

உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உற்பத்தி லைனில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது அந்தக் கணக்கில் சேராது. அது காலுக்கும் இடுப்புக்கும் வலியையே தருகிறது. அரை மணி நேர உணவு இடைவேளையில் பெரும்பகுதி வரிசையிலேயே கழிந்தால், எவரும் வளாகத்தில் நடக்கப்போவதில்லை. பிரிவுவாரியாக இடைவேளை நேரத்தை மாற்றியமைத்தால் வரிசை குறையும். ஷிப்ட் முடிந்ததும் பேருந்து உடனே கிளம்பிவிடுவதால் ஆளில்லாமல் கிடக்கும் விளையாட்டுத் திடலுக்கு, அரை மணி நேரம் கழித்துப் புறப்படும் இன்னொரு பேருந்து உயிர் கொடுக்கும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளின் கேண்டீன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமளிக்க வழி செய்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ கேண்டீனுக்கான வரம்பை, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, 100 ஆக்கியது. எனவே அடுத்த ஒப்பந்தப்புள்ளியை வெளியிடும் முன், அதன் வரைவை ஒப்பந்தத் தொழிலாளர்களும் அமர்ந்திருக்கும் கேண்டீன் குழுவின் முன் வைத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்த பிறகே விலை கேட்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கேண்டீன் குழுவில் அங்கம் வகிக்கும் ஒரு தொழிலாளர் பிரதிநிதி