போல்ட்டுகளைப் பிரித்து வைத்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் பழைய டாட்ஜ் கார் ஸ்டார்ட் ஆனது. ஏழு மாதத்துக்குப் பிறகு. பக்கத்தில் நான் ஊன்றுகோல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கராஜில் ஜாக்கில் நின்ற வண்டி என் கால் மேல் இறங்கியது. அதை இங்கே மறுபடி விரிவாக எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு மருத்துவமனையில் இருந்தீர்கள். மீதிப் பேருக்கு வாட்ஸப்பில் எல்லாம் வந்து சேர்ந்தது. கால் இருக்கிறது, நடக்கிறேன். அது போதும்.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. ஆறு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய தேவையே இல்லாமல் ரசமும் குழம்பும் கூட்டும் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு. மகளை நீச்சல் வகுப்புக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் கூட்டிப்போனவர்களுக்கு. காப்பீட்டுக்காரர்களோடு மணிக்கணக்கில் போனில் பேசிய நண்பருக்கு. இரவு இரண்டு மணிக்கு வலியில் நான் கத்தியபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நர்ஸுக்கு. அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முதல் பனி விழுவதற்குள் நாலு பேராக வந்து கராஜ் கதவின் இடுக்கையெல்லாம் அடைத்துக் கொடுத்த தம்பிகளுக்கு. குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வந்து, நான் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல, வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்ததும் அவர்கள்தான். என் மனைவிக்கு இதில் நன்றி எழுதினால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். எதிர் வீட்டுப் பெரியவர் செய்தது.

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ட்ராய் ஊரில் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவரும் நானும் இந்த ஆறு வருடத்தில் பேசியதைச் சேர்த்தால் பத்து நிமிடம் தேறாது. காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைப்பார், நானும் கையசைப்பேன். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தெரியும். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தத் தெருவில் கேட்டாலும் அப்படி ஒருவர் இருப்பார், அதனால் மேலே எதுவும் கேட்டதில்லை.

வண்டி எந்த நிலையில் கிடந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். 1969 டாட்ஜ் டார்ட் ஸ்விங்கர். 340 கன அங்குல வி8, அதாவது 5.6 லிட்டர் எஞ்சின். அந்தக் காலத்து விளம்பரக் கணக்கில் 275 குதிரைத்திறன். அவ்வளவு வேகம் போகிற வண்டிக்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக். அதை எடுத்துவிட்டு, இன்னும் நன்றாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் போடுவதுதான் என் வேலை. அதோடு சக்கரங்களைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனையும் முழுதாகக் கழற்றி, அதன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு ஒரு பக்கம் அப்படியே இருக்கும். இதை எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் தெரியும். அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றினேன். போல்ட், நட், வாஷர், பின் எல்லாம் ஐந்தாறு தட்டுகளில் இருந்தன. அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை வெளியே எடுக்கும்போது அந்தத் தட்டுகளை நகர்த்த நேரம் ஏது? எல்லாம் தரையில் கொட்டி, சிந்திய எண்ணெயில் கலந்து, அலமாரிக்கு அடியில் உருண்டு போய்விட்டன.

மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பெரியவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். என் மனைவியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கராஜ் தரையில் கிடப்பதை நான் எடுத்து அடுக்கலாமா?" அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளுக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, விற்றுவிடலாம் என்ற முடிவில் இருந்தாள். அவர் சொல்லியிருக்கிறார்: "விற்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் எழுந்து வந்து அந்தத் தரையை இப்படிப் பார்க்கக் கூடாது."

ஐந்து நாள், மாலை நாலு மணிக்கு வந்து ஏழு மணி வரை. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து, மரையை விரலால் தடவிப் பார்த்து, எது எங்கே போகும் என்று தீர்மானித்துப் பிரித்திருக்கிறார். ஜிப் வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தச்சர்கள் வைத்திருக்கும் தடிப் பென்சிலால் எழுத்து. மிகச் சிறியவை எல்லாம் முட்டை அட்டையின் குழிகளில். வீட்டுக்கு வந்து சக்கர நாற்காலியில் முதல் தடவை கராஜுக்குள் போனபோது, தரை கழுவித் துடைத்திருந்தது. மேசை மேல் வரிசையாக ஐம்பத்தாறு பைகள்.

ஒன்றை எடுத்துப் படித்தேன். "இடது சக்கர நட். கடிகாரம் சுற்றும் பக்கமே கழற்றவும்." டாட்ஜ் வண்டிகளைச் செய்த கிரைஸ்லர் நிறுவனத்தின் அந்தக் கால வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. எல்லா நட்டையும் போல எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், பலம் கொடுத்தால் நட் ஏறும் கம்பியான ஸ்டட் முறிந்துபோகும். அது தெரியாமல் இவற்றை வலது பக்க நட்டுகளோடு கலந்து வைத்திருந்தால், மாட்டும் நாளில் யாராவது மரையை நாசமாக்கியிருப்பார்கள். இன்னொரு பையில், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் கேம் போல்ட்டுகள். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்வது அவைதான். அவை எந்த நிலையில் திரும்பி இருந்தன என்பதைத் துருவின் தடத்தை வைத்துக் கண்டுபிடித்து, ஒரு துண்டுத் தாளில் படமாகவே வரைந்து உள்ளே போட்டிருந்தார்.

சுவரோரம் இரண்டு டார்ஷன் பார்கள் சாய்த்து வைத்திருந்தன. இந்த வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது. நீளமான இந்த எஃகுக் கம்பிகள் முறுக்கிக்கொண்டுதான் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக மட்டுமே முறுக்கத் தயார் செய்தது, இடம் வலம் மாற்றிப் போட்டால் ஒருநாள் உடையும். அவர் முனைகளைச் சுரண்டி, முத்திரையைப் படித்து, வலது பக்கத்துக்கு உரியதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்துத்தான் நான் அழுதேன். மருத்துவமனையில்கூட அப்படி அழவில்லை.

அன்று மாலையே அவரை வரச்சொன்னேன். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எழுந்து போய், முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் ஓரத்தில் தெரியும் வண்டி எண்ணைக் காட்டினார். ஏழாவது எழுத்து 'பி', வண்டியைச் செய்த ஆலையைக் குறிப்பது. "ஹாம்ட்ராமிக்" என்றார், டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். "டாட்ஜ் மெயின் ஆலை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம்."

1968 கோடையில், பள்ளி முடித்த கையோடு சேர்ந்தாராம். அந்த வருடம் மே மாதம் அங்கே கார்கள் நகர்ந்து வரும் அசெம்ப்ளி லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கியதும் அதை ஒட்டித்தான். அந்தச் சூடு ஆறாத நேரத்தில் உள்ளே போன கறுப்பின இளைஞர் இவர். கதவு மாட்டும் இடத்தில் வேலை. "ஒரு காருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம்" என்றார். "கையில் இருக்கும் போல்ட் சரியாக இறங்கவில்லை என்று தெரியும். நின்று சரிசெய்ய முடியாது, அடுத்த வண்டி வந்துவிடும். இரவு படுத்தால் அந்த போல்ட் கண்ணுக்குள் வரும்." உங்கள் கை இந்த வண்டியில் பட்டிருக்குமா என்று ஆசையோடு கேட்டேன். "பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். ஷிப்ட் நிறைய" என்றார். பொய்யாக ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

அந்த ஆலை இப்போது இல்லை. டாட்ஜ் சகோதரர்கள் கட்டி, கிட்டத்தட்ட எழுபது வருடம் ஓடியதை 1980 ஜனவரியில் மூடி, அடுத்த வருடம் இடித்தும்விட்டார்கள். அங்கே செய்த வண்டிகளை பழைய கார் பிரியர்களான நாங்கள் ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ சாலையில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு பக்கமும் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெயின்ட் எந்த நிறம், எஞ்சின் எண் பொருந்துகிறதா, கார்புரேட்டர் அசலா என்று பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. கதவை மாட்டியது யார் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஒரு காருக்கு ஒரு நிமிடம் மட்டுமே கிடைத்த மனிதர், என் போல்ட்டுகளுக்குப் பதினைந்து மணி நேரம் கொடுத்திருக்கிறார். யாரும் உதவி கேட்காமலே, அவசரப்படாமல். இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அவருடைய பைகள் இல்லாவிட்டால் இந்த வண்டி பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். தம்பிகள் யாரும் இதற்கு முன் டார்ஷன் பாரைத் தொட்டதில்லை. பையில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து மாட்டினார்கள். நடுவில் இன்னொரு வேலையும் முடிந்தது. இந்த வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்சாரம் முழுவதும் எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் (ஃபயர்வால்) இருக்கும் ஒரு பழைய கனெக்டர் வழியாக, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டருக்குப் போய்த் திரும்பும். வருடக்கணக்கில் சூடேறி, அந்தப் பிளாஸ்டிக் உருகிப் போயிருந்தது. தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். தனியாகத் தடித்த ஒயர் இழுத்து அதைத் தவிர்த்துவிட்டோம். எஞ்சின் பற்றவைக்கும் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் பேலஸ்ட் ரெசிஸ்டர் ஒன்று உபரியாக வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டாயிற்று. அது போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

இனி நான் செய்யப்போவதையும் எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் தலையைக் கொடுக்க மாட்டேன். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் நான்கு, சக்கரத்துக்குக் கட்டை, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான். உங்களில் யாராவது வீட்டில் எண்ணெய் மாற்றுவதற்காக வண்டியைத் தூக்கினால்கூட எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் வந்து ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன். இதைக் கடனாகவே நினைக்கிறேன். அப்புறம், வருகிற ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஸ்பானர்களோடு அந்த முட்டை அட்டைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

நேற்று ஸ்டார்ட் ஆனதும் பெரியவரை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். ஏறுவதற்கு முன் கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். கீலைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பினோம், மணிக்கு இருபது மைல்கூடத் தாண்டவில்லை. பிரேக் நேராகப் பிடித்தது. இறங்கும்போது, மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாம்ட்ராமிக் வரை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரமே போகிறோம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த மடலை என் மகள் இன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லப்போகிறாள்.

ஐம்பத்தாறு பைகளில் ஒன்றில் மட்டும் அவர் கேள்விக்குறி போட்டிருந்தார். உள்ளே மூன்று சாமான்கள். ஒன்று பார்க்கிங் பிரேக் கேபிளைப் பிடிக்கும் கிளிப். ஒன்று மகளின் பழைய சைக்கிளுடையது. மூன்றாவது எது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பை மேசை மேலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் சாப்பாடு கொண்டுவந்த டப்பாக்கள் முப்பதுக்கு மேல் எங்கள் வீட்டில் இருக்கின்றன. என் மனைவி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதி கராஜ் மேசையில் அடுக்கியிருக்கிறாள். நாலைந்து டப்பாக்களுக்கு மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து வீட்டில் இருப்போம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி போட்டு வைக்கிறோம், வண்டியையும் பார்க்கலாம்.