டெலானோ கிழவர்கள்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் தம்பி சொன்னான். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

இன்று அக்டோபர் 25. கலிபோர்னியாவில் லாரி இட்லியோங் நாள். பெயரைக் கேட்டதும் பட்டாபி மாதிரி சாம்பார் எங்கே என்று ஆரம்பிக்காதே. அவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பிலிப்பினோ தொழிற்சங்கத் தலைவர். விபத்தில் மூன்று விரல்கள் போனதால் ‘ஏழு விரல்’ என்றே அழைப்பார்களாம். 2015இல் சட்டம் போட்டு அவர் பிறந்த நாளைச் சிறப்பு நாளாக்கினார்கள். லீவு கிடையாது, பள்ளிகள் அவரைப் பற்றிச் சொல்லித்தரலாம், அவ்வளவுதான். என் மகள் வகுப்பில் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

போன மாதம் பேக்கர்ஸ்ஃபீல்டு போகும் வழியில் டெலானோ என்ற ஊரில் இறங்கி, பிலிப்பினோ ஹாலைப் பார்த்தேன். 1965 செப்டம்பரில் இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்த இடம். மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 சென்ட், இதுதான் கோரிக்கை. எட்டு நாள் கழித்துத்தான் இன்னொரு சங்கத் தலைவரான செசார் சாவேஸின் மெக்சிகோக்காரர்கள் சேர்ந்தார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்தது சாவேஸ் பெயர்தான்.

இளவட்டங்கள் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை சேகர். இந்தப் பிலிப்பினோக்களில் பெரும்பாலோர் அறுபது வயதை நெருங்கியவர்கள். 1920களிலும் 1930களிலும் பையன்களாகக் கப்பலேறி வந்தவர்கள். ஊரிலிருந்து பெண்கள் அதிகம் வரவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்ட 1948 வரை சட்டமே இடம் தரவில்லை. கல்யாணம், குடும்பம் எதுவும் இல்லாமல் தோட்டத்து கேம்பிலேயே பலருக்கு ஆயுசு கழிந்தது. அந்த கேம்பும் முதலாளியுடையது. வேலைக்குப் போகமாட்டேன் என்றால் படுக்க இடமும் போகும். தெரிந்தேதான் வெளியே வந்தார்கள். மஸ்கட்டிலிருந்து திரும்பிய உன் மாமா எனக்கு அங்கே ஞாபகம் வந்தார்.

ஐந்து வருஷம் இழுத்து, 1970இல் முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். வயதான பிலிப்பினோ தொழிலாளர்களுக்காகச் சங்கம் 1974இல் அக்பயானி கிராமம் என்று ஒரு குடியிருப்பு கட்டியது. மறியலில் மாரடைப்பு வந்து இறந்தவரின் பெயர் அது. அதற்குள் பலர் போய்விட்டார்கள். இட்லியோங்கும் 1977இல் டெலானோவிலேயே காலமானார்.

மே தினத்தன்று டிப்போ வாசலில் மணிக்கணக்கில் பேசுவாயே, அடுத்த தடவை இவர்களுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கு. வேண்டிய விவரமெல்லாம் எழுதி அனுப்புகிறேன். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் வெறும் கட்டைவிரல் அனுப்பினால் சும்மா விடமாட்டேன்.

அன்புடன்,
ரவி