பீடத்துப் பூவும் தோட்டத்துப் பச்சைத் துகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஆலயச் செய்திகள் வரும் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். மரக்கன்று நடும் படம் அதில் அடிக்கடி வருகிறது. போதகரும் மூப்பர்களும் கன்றைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கை வைத்திருப்பார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதே ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பின்வாசல் குப்பைக் கூடையில் என்ன கிடக்கிறது என்பதையும் யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 20 வருடமாக அந்தக் கூடையை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையில் பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பு என்னுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைத் திறந்து, பூவைத் தரம் பிரித்து, தண்டை வெட்டி, ஜாடியில் அடுக்கி, கீழே சிந்தியதைப் பெருக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன். பெரும்பாலும் தனியாகத்தான். தனியாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பூக்கடைகளில் ஃபோம் என்று கேட்டால் கொடுக்கும் அந்தப் பச்சைக் கட்டி. பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. வாளித் தண்ணீரில் போட்டால் முதலில் மிதக்கும், பிறகு தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தானாக அடியில் போய்விடும். சோப்பை அறுப்பது போலக் கத்தியால் அறுக்கலாம். தண்டை எந்தச் சாய்வில் குத்தினாலும் அப்படியே நிற்கும். அடுத்த பல நாளைக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் வேண்டாம். பூ வைக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சௌகரியத்தின் அருமை தெரியும்.

வாரக் கடைசியில் வாடிய பூவோடு அந்தக் கட்டியையும் பிய்த்து, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் உரக்குழியில் போட்டுவிடுவேன். வாளியில் மிஞ்சிய பச்சைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவேன். அதுவும் பூவோடு சேர்ந்து மட்கிவிடும் என்றுதான் நம்பினேன். இலை நிறத்தில் இருந்ததால் அப்படித் தோன்றியதோ என்னவோ.

எங்கள் சபையில் தவக்காலம் முழுவதும் பீடத்தில் பூ கிடையாது. சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி முடிய ஜாடிகள் அலமாரியில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன், அப்படி வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் செடி வைக்கப் பாத்தி கட்டுகிறார்கள் என்று நானும் கூடப் போனேன். உரக்குழி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியபோது, எட்டு வயதுப் பெண்பிள்ளை கை நிறைய எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆன்ட்டி, இந்த மண்ணு மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

நன்றாக மட்கிய கறுப்பு மண். அதற்குள் கடுகளவில், மிளகளவில் பச்சைத் துகள்கள். விரலில் வைத்துத் தேய்த்தேன். கரையவில்லை. மாவு மாதிரி இன்னும் சின்னதாகி ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. குழியை இன்னும் கொஞ்சம் கிளறினால், கத்தி வெட்டிய மூலை அப்படியே தெரிய ஒரு பெரிய துண்டு வந்தது. தண்டு குத்திய ஓட்டைகூட மூடாமல் இருந்தது. அதில் குத்தியிருந்த ரோஜாவும் இல்லை, தண்டும் இல்லை. எல்லாம் மண்ணாகிவிட்டது. நான் அறுத்துப் போட்ட கட்டி மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது.

என் மருமகள் வேதியியல் படித்தவள். ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்கிற பிளாஸ்டிக் நுரை அது, மட்காது, உதிர்ந்து உதிர்ந்து நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும் என்றாள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள். நீரில் வாழும் சிற்றுயிர்கள் இந்தத் துகளைத் தின்றுவிடுகின்றனவாம். துகளிலிருந்து கசிகிற ரசாயனமும் அவற்றுக்குக் கெடுதலாம். இங்கிலாந்தில் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம், தன் கண்காட்சிகளில் இந்த ஃபோமையே 2021 முதல் நிறுத்திவிட்டது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனுஷனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! நம் தோட்டத்து மண்ணில் 20 வருடமாக இதைக் கலந்திருக்கிறேன், அதுவும் தேவனுடைய வீட்டை அலங்கரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு.

மறுநாள் போதகர் ஐயாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஈஸ்டருக்கு இது இல்லாமல் முடியுமா அம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின இரவு பத்து மணி வரை நாங்கள் ஆறு பேர் ஆலயத்தில் இருந்தோம். கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையைக் கசக்கிப் பந்தாக்கி ஜாடிக்குள் வைத்து, அந்தக் கண்களுக்குள் தண்டைச் செருக வேண்டும். எங்கள் பாட்டிமார் காலத்தில் கூழாங்கல்லும் குச்சியும் வைத்துத்தான் நிறுத்தினார்களாம், பெண்கள் ஐக்கியத்தில் மூத்த அக்கா சொன்னார். முதலில் இலைக்கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பின்னல் போட்டுக்கொண்டு அப்புறம்தான் பூ. அந்த வரிசை அன்றைக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை. ஈஸ்டர் காலை பிரசங்கத்தின் நடுவில் வலது பக்கத்து லில்லி மெதுவாகச் சாய்ந்து பீடத்துணி மேல் படுத்துவிட்டது. நான் எழுந்திருக்கும் முன்னே பாடகர் குழுவில் இருந்த தம்பி போய் நிமிர்த்திவிட்டு வந்தான்.

கம்பி வலையில் இன்னொரு விஷயம் உண்டு. ஜாடியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், அது குறையும். வாரத்தின் நடுவில் யாராவது வந்து ஊற்றியே ஆக வேண்டும். எங்கள் சபையில் மனைவியை இழந்து தனியாக இருக்கிற பெரியவர் ஒருவர் புதன்கிழமை தாம் வருவதாகச் சொன்னார். இன்று வரை ஒரு புதன் தவறியதில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்து பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள், போகும்போது ஒரு சின்ன ஜெபம். போன மாதம் ஒரு புதன் அவருக்குக் காய்ச்சல். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆளைக் காணோமே என்று அந்த இரண்டு பேர்தான் வீட்டுக்கே போய்ப் பார்த்து மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். ஃபோம் இருந்த காலத்தில் அந்த ஜாடிக்கு என்னைத் தவிர ஒருவரும் தேவைப்படவில்லை.

அடுத்தது திருவிருந்தில் ஆளுக்கொன்றாகத் திராட்சைரசம் கொடுக்கும் சின்னக் கிண்ணங்கள். கொரோனா காலத்தில் கண்ணாடிக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினோம். அன்றைக்கு அது சரிதான், தவறு சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலம் போன பிறகும் பிளாஸ்டிக் போகவில்லை. மாதம் இரண்டு திருவிருந்து, ஒவ்வொன்றுக்கும் சுமார் 160 கிண்ணம். வருடத்துக்கு 3,840. சபை மன்றத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது கண்ணாடிக்குத் திரும்ப ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. யார் கழுவுவது என்ற கேள்விதான் வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாலிபர் ஐக்கியத்துச் செயலாளர் பையன்தான், "நாங்க பார்த்துக்கிறோம்" என்றான்.

இப்போது ஆராதனை முடிந்ததும் பின்கட்டில் இரண்டு தொட்டியில் வெந்நீர் வைக்கிறோம். ஒன்றில் சோப்பு, ஒன்றில் சுத்தத் தண்ணீர். கிண்ணம் விரல் நுழையாத அளவுக்குச் சின்னது, அதற்கென்று தூரிகை இருக்கிறது. துடைத்துத் தட்டின் குழிகளில் கவிழ்க்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். வாலிபர் நாலு பேர், எங்களில் இரண்டு பேர். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் என்னென்னவோ பேசுகிறார்கள். யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையன், அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது என்று கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அந்தக் குடும்பம் ஞாயிறு தவறாமல் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிற குடும்பம். எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே செய்ய வேண்டியதைச் சபை செய்தது.

கல்லறைத் தோட்டத்து விஷயத்தில் நாங்கள் தவறு செய்தோம். அதையும் சொல்ல வேண்டும். மலர் வளையங்களில் பூ வாடிப் போன பிறகும் தெர்மாகோல் வளையமும் பளபளப்பு ரிப்பனும் பிளாஸ்டிக் இலையும் வருடக்கணக்கில் கிடக்கும். மழைக்கு அடித்துக்கொண்டு போய் அடுத்த கல்லறையின் பெயர்ப் பலகையை மூடும். இருந்த வேகத்தில் 'பிளாஸ்டிக் வளையங்களுக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் பலகை வைத்துவிட்டோம். தாயை அடக்கம் செய்ய வந்த ஒரு மகள், கையில் வளையத்தோடு அந்தப் பலகை முன்னால் நின்றதை நான் பார்த்தேன். வளையத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மாலையே பலகையைக் கழற்றிவிட்டோம். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டோம்.

இப்போது பிரம்பிலும் கொடியிலும் பின்னிய வளையங்கள் பத்துப் பன்னிரண்டு ஆலயத்தில் எப்போதும் இருக்கின்றன. துக்கச் செய்தி வந்ததும் பெண்கள் ஐக்கியத்தில் மூன்று பேர் வளையமும் நூலும் பூவும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அங்கேயே கட்டுவோம். அழுகிறவர்கள் அழுவார்கள், கட்டுகிறவர்கள் கட்டுவார்கள். இறந்தவருக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். பூ உதிர்ந்ததும் வளையம் திரும்பி ஆலயத்துக்கு வந்துவிடும். பலகை வைத்துச் சாதிக்க முடியாதது இதில் நடக்கிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சென்ற வருடத்திலிருந்து புதிதாகத் தெர்மாகோல் வளையம் வரவில்லை.

திருச்சபைகள் இதற்கெல்லாம் நாள் குறிக்காமல் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ் 1989இல் அறிவித்தார். 2015இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அதை ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 1 தொடங்கி அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று பல சபைகள் அனுசரிக்கின்றன. ஆங்கிலிக்கன் சபைகள், திருச்சபையின் பணி என்னென்ன என்று தாங்கள் வகுத்த 'ஊழியத்தின் ஐந்து அடையாளங்களில்' ஐந்தாவதாகப் படைப்பைப் பேணுவதை 1990இலேயே சேர்த்துவிட்டன. நல்ல காரியங்கள், வேண்டும். ஆனால் எங்கள் சபையில் எதுவும் மாறியது, அந்த வேலைக்கு ஒரு பெயரும் கிழமையும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான். வேதம் வாசிப்பவர் யார், காணிக்கை எடுப்பவர் யார் என்று எழுதுகிற அதே தாளில், தண்ணீர் ஊற்றுபவர் யார், கிண்ணம் கழுவுபவர் யார் என்றும் எழுதுகிறோம். நட்ட கன்றுக்குத் தண்ணீர் விடுகிறவர் பெயரும் அதில் உண்டு.

திருமணங்களில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். அலங்காரம் செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு திருமணத்துக்கு மறுநாள் பத்து இருக்கைகளின் அடியிலிருந்து ஃபோம் துண்டுகளைப் பொறுக்கினோம். முன்பதிவுத் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். சில குடும்பங்கள் சரி என்கிறார்கள், சிலருக்கு வருத்தம். கல்யாண வீட்டாரின் மனதை நோகடிக்க எனக்கும் விருப்பமில்லை. ஆள் உயரத் தூண் அலங்காரத்தை ஃபோம் இல்லாமல் வெயிலிலும் வாடாமல் நிறுத்தத் தெரிந்த பூக்காரர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து தங்கள் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அந்தக் குடும்பங்களும் கேட்பார்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். எங்கள் ஆடை அறை அலமாரியில் பிரிக்காத ஃபோம் பெட்டி ஒன்றும், பாதி பயன்படுத்திய பெட்டி ஒன்றும் இருக்கின்றன. கூடவே, பிள்ளைகள் பாத்தி மண்ணைச் சலித்து எடுத்த பச்சைத் துகள்கள் ஒரு மூடி போட்ட டப்பா நிறைய இருக்கின்றன. எரிக்கக் கூடாது, புதைக்க மனம் வரவில்லை, குப்பை வண்டியில் போட்டால் வேறு யாருடைய மண்ணுக்கோ போகும். இதைச் சரியாக அப்புறப்படுத்தும் வழி தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். அதுவரை அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பீடத்துக்குப் பூ வைக்கும் சபை அங்கத்தினர் ஒருவர்